பழைய எம்ஜி கார்களின் சக்கர நட்: பரவும் தகவல் தவறு

1945-49ல் வந்த எம்ஜி டிசி போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில், கம்பிச் சக்கரத்தை ஒரே ஒரு நடு நட்தான் பிடித்திருக்கும். "சக்கரம் சுழலும் திசையிலேயே நட் இறுக வேண்டும், எதிராக இருந்தால் ஹப்பை (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்) இடம் வலம் மாற்றிப் பூட்டுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

உண்மை நேர்மாறானது. காரின் இடப்பக்கம் வழக்கமான வலது மரை (கடிகாரச் சுற்றில் இறுகுவது), வலப்பக்கம் இடது மரை (எதிர்ச்சுற்றில் இறுகுவது). முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில்தான் நட் இறுக வேண்டும். நட்டும் சக்கரமும் பொருந்தும் கூம்புப் பரப்பில் இருக்கும் நூலளவு இடைவெளியால், காரின் பாரத்தில் தொடும் இடம் சுற்றிச்சுற்றி நகர்கிறது. நட் மெல்ல எதிர்த்திசையில் உருள்கிறது. ஹப்பை இடம் வலம் மாற்றினால் அதே உருளல் நட்டைக் கழற்றிவிடும். ரேஸ் வேகத்தில் சக்கரம் தனியே ஓடுவது இப்படித்தான்.

சரிபார்ப்பது எளிது. நட்டின் முகத்தில் 'அண்டூ' (UNDO, கழற்று) என்ற எழுத்தும் அம்புக்குறியும் இருக்கும்; வலப்பக்க நட்டில் கழற்றும் அம்பு கடிகாரச் சுற்றாக இருக்க வேண்டும். காரின் கையேட்டையும் பாருங்கள்.

இறுக்கும்போது ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாமல் வைத்து, செப்புச் சுத்தியலால் தட்டுங்கள். ஹப்பில் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்பிளைன் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தால் எந்த இறுக்கமும் காப்பாற்றாது. புது ஹப்பே போட வேண்டும்.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஹப்பை இடம் வலம் மாற்றியவர்கள், காரை எடுக்கும் முன் பழையபடி பூட்டிவிடுங்கள்.