டிவியில வந்ததுக்கு எதுக்குடே தியேட்டர்?

இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் என்கிற விண்வெளிக் கப்பல் டிவித் தொடரின் பழைய எபிசோடைத் தியேட்டரில் போட்டார்களே, அந்த மாதிரி நம்ம நாகர்கோவிலில் ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி போட்டால் எப்படி இருக்கும் என்று வாயைத் திறந்தால் போதும், சாயா கிளாசைக் கீழே வைக்கும் முன்பே பதில் வந்துவிடும். "மக்கா, அது டிவியில வந்ததுதானே, அதுக்கு எதுக்குடே தியேட்டர்?" சொல்கிறவன் ஸ்டார் ட்ரெக் என்றால் என்னவென்றே தெரியாத ஆளாக இருந்தால் சரி போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்தத் தொடரில் வரும் ஸ்பாக் படம் போட்ட டீ ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, பழம்பொரியைக் கடித்துக்கொண்டே ஒரு ரசிகன் சொல்கிறான். அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, நான் திருப்பிக் கேட்கிறேன். 2024 ஏப்ரலில் கில்லியை மறுபடி ரிலீஸ் பண்ணினார்களே, அது யாரும் பார்க்காத படமா? 2004இல் வந்த படம், அதற்கப்புறம் இருபது வருஷம் பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் ஓடி, சின்னப் பிள்ளைகள்கூட வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிற படம். அதைப் பார்க்கத் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. அன்றைக்கு இதே ஆள்தான் திரைக்கு முன்னால் நின்று துண்டைச் சுற்றி ஆடினான். அப்போது மட்டும் "டிவியில வந்ததுதானே" என்பது ஞாபகத்துக்கு வரவில்லையா? விஜய்க்கு ஒரு நியாயம், ஸ்டார் ட்ரெக் கப்பலின் கேப்டன் கிர்க்குக்கு ஒரு நியாயமா?

அடுத்து வருவார் நம்ம டெக்னிக்கல் அண்ணாச்சி. எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் உண்டு. "தம்பி, அது டிவிக்காக எடுத்தது. பெரிய திரையில் போட்டா பல்லை இளிச்சிரும்." இதை அவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால் கேமராவுக்குப் பின்னால் நின்றதே அவர்தான் என்று நினைப்பீர்கள். அண்ணாச்சி, 1966இல் வந்த அந்தத் தொடர் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தது. அந்தக் காலத்துச் சினிமா எதில் எடுத்தார்களோ அதே ஃபிலிம். படச்சுருளில் விஷயம் அத்தனையும் இருந்தது, வீட்டிலிருந்த பெட்டிதான் சின்னது, மங்கலானது. 1987இல் தொடங்கிய அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனும் 35 எம்எம்தான், ஆனால் எடிட்டிங்கும் கிராஃபிக்ஸும் வீடியோ டேப்பில் செய்துவிட்டார்கள். அதனால் ப்ளூரே போடும்போது பழைய நெகட்டிவையெல்லாம் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு காட்சியாக மறுபடி வெட்டி ஒட்டி, கிராஃபிக்ஸையும் புதிதாகச் சேர்த்து உட்கார்ந்தார்கள். அப்படிச் சுத்தம் பண்ணியதைத்தான் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தால் அவர், "ஓ... ஆனா சைடுல கறுப்பா வருமே?" என்கிறார்.

ஆமாம் அண்ணாச்சி, வரும். பழைய டிவிப் படம் நாலுக்கு மூன்று அளவு. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது, தியேட்டர் திரை அதைவிடவும் அகலம். இரண்டு ஓரமும் கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். திரை நிறைய வேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டினால் படத்தில் குறைந்தது கால் பங்கு போய்விடும், யாருக்குத் தலை போகும் யாருக்குத் தாடை போகும் என்று சொல்ல முடியாது. வெட்டாமல் இழுத்தால் அதைவிடக் கேவலம். இந்த அண்ணாச்சி வீட்டிலேயே ஒருநாள் பார்த்தேன். ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி, ரிமோட்டில் 'ஃபுல் ஸ்கிரீன்' அமுக்கி வைத்திருக்கிறார், ஒல்லியான ஸ்பாக்கின் முகம் அயனிச் சக்கை மாதிரி அகண்டு கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எனக்குப் படத்தின் தரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

2007 நவம்பரில் அமெரிக்கத் தியேட்டர்களில் போட்டது தி மெனாஜரி என்கிற இரண்டு பாக எபிசோட். ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் இதை எடுத்தால், பழைய பொம்மைக் கப்பல் அழகா, புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர் கப்பல் அழகா என்று ஒரு மணி நேரம் அடித்துக்கொள்கிறார்கள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இத்தனைக்கும் அது எப்படிப்பட்ட கதை! 1964 கடைசியில் எடுத்த முதல் பைலட், அதாவது சேனலுக்குக் காட்ட எடுத்த மாதிரி எபிசோட், தி கேஜ், அதை என்பிசி சேனல் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அப்புறம் வேறு கேப்டனை வைத்துத் தொடர் ஓடத் தொடங்கியது, வாரா வாரம் எபிசோட் கொடுத்து மாளவில்லை, கையில் சரக்கு இல்லை. கிடப்பில் கிடந்த அந்தப் படத்தை எடுத்து, அதைச் சுற்றி ஒரு ராணுவ விசாரணையைக் கட்டி, இரண்டு வாரத்தை ஓட்டிவிட்டார்கள். பஞ்சத்துக்குச் செய்த அந்த வேலைக்கு 1967இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதே கிடைத்தது.

அந்த விசாரணையில் என்ன நடக்கிறது? ஸ்பாக் குற்றவாளி. தன் பழைய கேப்டனான பைக் என்பவரை, போனாலே மரண தண்டனை என்று தடை போட்ட கிரகத்துக்குக் கப்பலோடு கடத்திக்கொண்டு போகிறான். ஏன் செய்தாய் என்று கேட்டால், திரையைப் பாருங்கள் என்கிறான். கிர்க்கும் மற்றவர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து, திரையில் ஓடுகிற பழைய கதையைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் எபிசோட். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து திரையைப் பார்க்கிற கதை! இதைத் தியேட்டரில் போடாமல் வேறு எதைப் போடுவது?

அதில் கேப்டன் பைக் ஒரு விபத்தில் சிக்கி முகமெல்லாம் வெந்து, பெட்டி மாதிரி ஒரு நாற்காலிக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். பேச்சில்லை, அசைவில்லை. நாற்காலி முன்னால் ஒரு விளக்கு, ஒரு முறை மின்னினால் ஆமாம், இரண்டு முறை மின்னினால் இல்லை. ஸ்பாக் தன் திட்டத்தைச் சொல்லச் சொல்ல, அவர் வேண்டாம் வேண்டாம் என்று மின்னிக்கொண்டே இருப்பார். தன்னால் அவன் சாகக் கூடாது என்று அந்த மனுஷனுக்குச் சொல்ல அந்த ஒரு விளக்கை விட்டால் வேறு வழியில்லை. நான் வீட்டில் இதைப் பார்க்கிற நேரத்தில் சரியாகக் குக்கர் விசில் அடிக்கும், கேட்டில் மீன்காரர் கூப்பிடுவார், "நெய் மீனா, சாளையா?" என்று ஒரு விசாரணை வேறு தனியாக ஓடும். அப்புறம் "வீட்டிலேயே பார்த்துக்கலாமே" என்று எனக்கு யோசனை.

2013 ஏப்ரல் 25இல் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸை இரண்டு பாகத்தையும் சேர்த்து ஒரே படமாகப் போட்டார்கள். அதன் கேப்டன் பிக்கார்டை 'போர்க்' (Borg) என்கிற பாதி இயந்திர மனிதக் கூட்டம் பிடித்துத் தங்கள் ஆளாகவே மாற்றிவிடும், அவர் இருக்கும் கப்பலையே சுடச் சொல்லி அவருடைய துணை அதிகாரி ரைக்கர் உத்தரவு போடுவார், தொடரும் என்று போட்டுவிடுவார்கள். 1990 ஜூனில் அப்படி அந்தரத்தில் விட்டவர்கள் செப்டம்பரில்தான் மிச்சத்தைக் காட்டினார்கள். அந்த மூன்று மாதத்தைத் தின்று செரித்த ஜனம் இருபது சொச்சம் வருஷம் கழித்து ஒரே இருட்டில் கூடி உட்கார்ந்து, அந்த உத்தரவு வரும்போது அரங்கமே மூச்சைப் பிடிக்கிறது என்றால், அதை எந்த ஓடிடி கொடுக்கும் சொல்லுங்கள்.

நம்ம மாவட்டத்தில் இதையெல்லாம் கேட்பதே பேராசை என்கிறார்கள். ஆங்கிலப் படத்தைத் தமிழ் டப்பிங் இல்லாமல் பார்க்கவே பெரும்பாலும் திருவனந்தபுரம் ஓட வேண்டியிருக்கிறது. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஜங்ஷனிலும் நின்று நின்று போய்ச் சேரும்போது பாதி உயிர் போய்விடும். அங்கே டிசம்பரில் திரைப்பட விழா வந்தால் ஐம்பது, அறுபது வருஷத்துக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இடம் கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதில் மார்த்தாண்டத்துக்காரர்களும் தக்கலைக்காரர்களும் இருக்கிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் அவர்களே, "நம்ம ஊர்ல யாரு வருவா?" என்கிறார்கள். வந்தவனே நீதானப்பா!

பெயர் வேண்டாம், இங்கே ஒரு தியேட்டரில் பேசிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் நல்ல மனுஷன், மறுக்கவில்லை. உரிமை வாங்குகிற ஏற்பாடு எப்படி என்று விசாரிப்போம், காலைக் காட்சி எப்படியும் காலியாகத்தான் ஓடுகிறது, உறுதியாக நூறு பேர் வந்தால் பேசலாம் என்றார். கொள்ளாம் என்று குதித்துக்கொண்டு வந்து நம்ம ஆட்களிடம் பெயர் கேட்டேன். ஒருவருக்கு ஞாயிறு காலை கோயில். ஒருவருக்கு ஓரத்தில் கறுப்பு வந்தால் கண் உறுத்துமாம். டீ ஷர்ட் போட்டவன் டிக்கெட் ஃப்ரீயா என்று கேட்டான்.

அந்த நூறு பேர் பட்டியலில் இப்போது என் பெயரும், என் தொல்லை தாங்காமல் சரி என்ற என் மச்சான் பெயரும் இருக்கிறது. தொண்ணூற்றெட்டு இடம் காலி. வருகிறவர்கள் சொல்லுங்கள். வராதவர்கள் தயவுசெய்து என்னிடம் காரணம் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய் ரிமோட்டில் அந்த ஃபுல் ஸ்கிரீனையாவது எடுத்துவிட்டுப் பாருங்கள்.