கண்ணபிரான் தலைவர், நிறுவியவர் ஜே.பி.
ராயபுரம் தோழர் மேலே போட்ட அஞ்சலிக் குறிப்பில், பியுசிஎல் என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகத்தை நிறுவியவர் வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரான் என்று இருக்கிறது.

சின்னத் திருத்தம் தோழர். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த 1976-இல் அதைத் தொடங்கியவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். கண்ணபிரான் பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் தேசியத் தலைவரானார். அமைப்பின் இணையதளத்தில் அதன் வரலாற்றைப் படித்தாலே தொடங்கியவர் யார் என்பது தெரிந்துவிடும். 2010 டிசம்பர் 30 அன்று கண்ணபிரான் மறைந்தபோது வந்த இரங்கல் செய்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மதுரையில் பிறந்து, ஹைதராபாத்தில் வழக்காடி, நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர்களுக்காக நின்ற மனிதர். அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. வியாசர்பாடி நினைவுக் கூட்டத்துக்கு பேனர் அடிக்கக் கொடுக்கும் முன் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.