கேரி ஃபிஷரின் அஸ்தியும் அந்த மாத்திரையும்

‘ஸ்டார் வார்ஸ்’ இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துச் செத்தார், அதைக் குத்திக்காட்டவே அவர் அஸ்தியை மாத்திரை வடிவக் குடுவையில் வைத்தார்கள் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. முதலாவது உறுதியாகாதது, இரண்டாவது தப்பு.

பச்சையும் வெள்ளையுமான அந்தப் பீங்கான் குடுவை, போதை மாத்திரையின் வடிவமே அல்ல. மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் ப்ரோசாக் மாத்திரையின் வடிவம். அந்தப் பீங்கான் பொருள் பல வருஷம் முன்பு கேரியே ஆசையாக வாங்கி வீட்டில் வைத்திருந்தது. தன் அஸ்தி அதில் இருப்பதைத்தான் அவர் விரும்பியிருப்பார் என்று தம்பி டாட் சொன்னார். தன் இருமுனைக் கோளாறையும் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) போதைப் பழக்கத்தையும் மேடையேற்றி, ஊரைச் சிரிக்கவைத்தவர் அல்லவா? ‘நிலவொளியில் மூழ்கி, சொந்த பிராவே கழுத்தை நெரித்துச் செத்தேன்’ என்று தன் இரங்கல் குறிப்பைக்கூட எழுதிவைத்தார். (அதையும் நிஜமென்று பகிர்கிறவர்கள் உண்டு.)

2016 டிசம்பர் 23 விமானத்தில் நினைவிழந்தார். 27-ஆம் தேதி இறந்தார், வயது 60. உடலில் கோகைன் உள்ளிட்டவை இருந்தது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2017-இல் வந்த அதிகாரபூர்வ அறிக்கை சொன்னது: தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், கூடவே உறுதிசெய்ய முடியாத பிற காரணிகள். இதயக்குழாய் அடைப்பும் போதைப்பொருளும் அந்தப் பட்டியலில் வருகின்றன. போதைதான் கொன்றது என்ற முடிவு மட்டும் அதில் இல்லை.