விலைக்குள் ஒளிந்திருக்கும் ஃபிட்டிங் கூலி

ஊர்க் கடையில் சைக்கிள் வாங்குவதா, ஆன்லைனில் வாங்குவதா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. கைபேசித் திரையில் தெரியும் தொகையைவிடக் கடைக்காரர் சொல்லும் தொகை கூடுதலாக இருந்தால், அவர் கொள்ளையடிக்கிறார் என்று உடனே தீர்ப்பெழுதிவிடுகிறோம். வரி இதற்குக் காரணமல்ல; 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது இரு தரப்புக்கும் பொதுதான். நாம் கணக்கில் சேர்க்காமல் விடுவது, சைக்கிளைப் பூட்டிச் சரிசெய்து கொடுக்கும் கைவேலையை; அதற்கான ஃபிட்டிங் கூலியை.

ஆன்லைனில் வாங்கும் சைக்கிள் பெரும்பாலும் அரைகுறையாகப் பூட்டப்பட்டு அட்டைப் பெட்டியில் வருகிறது. முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல் எல்லாம் நம் பொறுப்பு. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும் என்பது தெரியாமல், வலப்பக்கப் பெடலை அங்கே வைத்து ஸ்பேனரால் முறுக்கினால், பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையே அழிந்துவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்முன்னாகப் பூட்டிக்கொண்டு நிம்மதியாக ஓட்டிச் செல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கடையில் இருக்கும் பழகிய மெக்கானிக்கோ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தே அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடித்து, ஸ்போக் சாவியைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிக் கோட்டம் எடுத்துவிடுகிறார். புதுச் சக்கரத்தில் கம்பிகள் ஓட ஓடத் தளரும், பிரேக் ஒயரும் இழுபடும் என்பதால், சில வாரங்களில் மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டும்.

கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. உயரத்தைப் பார்க்காமல் கையிருப்பைத் தள்ளிவிடுவதும், "பையன் வளர்ந்துடுவான் சார்" என்று எட்டு வயதுச் சிறுவனுக்கு 26 அங்குலச் சைக்கிளைக் கட்டிவிடுவதும், பில் கேட்டால் முகம் சுளிப்பதும் நாம் அறிந்தவையே. ஆன்லைனிலோ, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள். (பூட்டிய சைக்கிளைக் கழற்றி மறுபடியும் அதே பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தவருக்குத்தான் அந்த உரிமையின் எடை தெரியும்.)

விளக்கு, பூட்டு, பம்ப் போன்றவற்றை எங்கே வாங்கினாலும் கேடில்லை. முழு சைக்கிளைக் கடையில் வாங்குவதே என் தேர்வு. ஆனால் கடைக்காரர்கள் ஃபிட்டிங் கூலியை விலைக்குள் ஒளிக்காமல் பில்லில் தனியாக எழுத வேண்டும். ஆன்லைன் பெட்டியோடு வருபவரை "வாங்குன இடத்துலயே போய்ப் பூட்டிக்குங்க" என்று விரட்டாமல், அதே கூலியை வாங்கிக்கொண்டு பூட்டிக் கொடுக்கவும் வேண்டும். அடுத்த மாதம் டயரோ செயினோ மாற்ற அவர் வேறு எங்கே போகப்போகிறார்?