ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் இருந்தால் வருபவர் தாதி ஆகிவிடுவாரா?

"ஐ.எஸ்.ஓ. 9001 பெற்ற நிறுவனம் அனுப்பும் பராமரிப்பாளர் எல்லோரும் அரசு பரிசோதித்த தாதியர். இன்சுலின் ஊசியையும் நம்பி ஒப்படைக்கலாம்." வெள்ளவத்தைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஐ.எஸ்.ஓ. 9001 ஒரு தர முகாமைத்துவ நியமம். முறைப்பாட்டுக்கு யார் பொறுப்பு, பதிவேடு எப்படி வைப்பது, நடந்த பிழை திரும்ப வராமல் என்ன செய்வது என்று நிறுவனத்தின் நடைமுறையைத்தான் அது பார்க்கிறது. உங்கள் வீட்டுக்கு வருபவரின் கைத்திறனை அல்ல. ஜெனீவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை; தனியான சான்றளிப்பு நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. அந்தச் சான்றிதழ் வழமையாக 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். சுவரில் மாட்டியிருப்பதில் பளபளப்பை விட்டுவிட்டுத் திகதியைப் பாருங்கள்.

தாதி வேறு, பராமரிப்பாளர் வேறு. பராமரிப்பாளருக்கென்று என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை இருக்கிறது; வருபவரிடமே அதைக் கேட்கலாம், கோபிக்க மாட்டார். பொலிஸ் நற்சான்றிதழையும் கேளுங்கள்.

அப்புறம், முதல் நாள் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் முன் பிரேக் போடுகிறாரா? கால்மிதியை மடக்குகிறாரா? மருந்து கொடுத்ததும் நேரத்தைக் கொப்பியில் எழுதுகிறாரா, இல்லை மாலையில் ஒரே பேனையால் மொத்தமாக நிரப்புகிறாரா? அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990 என்பது அவருக்குத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.