பள்ளிக்கூடச் சாமான்

“கியர்பொக்ஸ் முடிஞ்சுது, சேர். கொழும்பிலை இருந்து வேறை ஒண்டு இறக்குவம்.” இந்த இரண்டு வசனங்களைக் கேட்பதற்காகத்தான் நான் இன்று காலை மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை, பாதி வழியிலேயே மூன்றாம் கியரில் சிக்கிக்கொண்ட காரை உருட்டிக்கொண்டு போனேன். கியர் தானாக மாறும் ஓட்டோ கார் வைத்திருக்கும் எவருக்கும் இது புதிய வேதமல்ல. ஆகையால் முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். முதலாவது கராஜ், சிவப்பாய் இருந்தால் எல்லாம் ஒன்றுதானே என்று கைநூலில் இல்லாத ஒயிலை ஊற்றி அனுப்பியது. இரண்டாவது கராஜ், காரின் கொம்பியூட்டர் பதிந்துவைத்த கோளாற்றுக் குறியீட்டை அழித்துவிட்டு, அழித்த கூலியையும் வாங்கியது. காய்ச்சல்காரனின் வெப்பமானியை உதறிவிட்டுச் சுகமாகிவிட்டது என்று சொல்லும் வைத்தியம் அது.

மூன்றாவது கராஜில் ஸ்கேனரைச் செருகினார்கள். திரையில் பி0753 என்று வந்தது. ஏ என்னும் ஷிஃப்ட் சொலனொயிட்டின் மின்சுற்றில் கோளாறு என்பதே அதன் பொருள். நாங்கள் வகுப்பில் வரிச்சுருள் என்று படிப்பிக்கிற அதே பொருள்தான், விரலளவில், கியர்பொக்ஸின் அடியில் வால்வ் பொடி என்னும் ஒயில் வழிப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கிறது. கொம்பியூட்டர் மின்னை விடும்போதும் நிறுத்தும்போதும் அது ஒயிலின் வழியைத் திறந்து மூடுவதால்தான் கியர் மாறுகிறது. கிளச் தேய்ந்தது என்றோ, பம்ப் பழுது என்றோ அந்தக் குறியீடு ஓர் எழுத்தும் சொல்லவில்லை. கராஜ் பாஸ் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கும் வைத்தியரைப்போல நிலத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் மேற்படி இரண்டு வசனங்களும் வந்தன.

நான் பதினெட்டு வருடமாகப் பௌதிகவியல் படிப்பிப்பவன். பையிலிருந்து ஆய்வுகூடத்துப் பல்மானியை, அதுதான் மின்தடை அளக்கும் மல்ரிமீற்றரை, எடுத்தேன். கியர்பொக்ஸின் வெளியிலுள்ள கனெக்டரைக் கழற்றி, மற்றச் சொலனொயிட்டின் தடையை அளந்து காட்டினேன்: 13 ஓம். என் காரின் கைநூல் 11 முதல் 15 ஓம் வரை இருக்கலாம் என்கிறது. ஏ சொலனொயிட்டின் முனைகளில் வைத்தேன்: முடிவிலி. சுற்று அறுந்து கிடக்கிறது என்பதை இதைவிட எளிமையாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் காட்ட முடியாது. ஒயில் தட்டை இறக்கினால் அறுந்தது சுருளா, உள்ளே போகும் வயரா என்பதும் தெரிந்துவிடும். எதுவானாலும் அதை மட்டும் மாற்றலாம் என்றேன். பாஸ் பல்மானியை வாங்கி, பின்புறம் திருப்பி, அதில் ஒட்டியிருந்த எங்கள் பாடசாலையின் பொருட்பதிவு இலக்கத்தை ஆறுதலாக வாசித்தார்.

“இது பள்ளிக்கூடச் சாமான் சேர். காருக்குச் சரிவராது.”

ஓம் விதி பள்ளிக்கூட மதிலோடு நின்றுவிடுகிறது என்பதை இவ்வளவு காலமும் அறியாமல் பிள்ளைகளுக்குப் புள்ளியிட்டிருக்கிறேன்! ஒரு விரலளவுச் சுருளுக்காக, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் எந்தக் காரிலிருந்தோ கழற்றிய, எத்தனை மைல் ஓடியதென்று எவருக்கும் தெரியாத ஒரு முழுக் கியர்பொக்ஸை நான் மூன்று இலட்சம் கொடுத்து வாங்க வேண்டுமாம். அதற்குள் இருக்கும் சொலனொயிட்டை அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால், அது ஜப்பான் சாமானாம், அளக்கத் தேவையில்லையாம்.

திரும்பும் வழியில் முறிகண்டியில் நிற்காமல் போக நமக்கு மனம் வருமா? மூன்றாம் கியரில் கிளம்பும் கார் நின்றால் மறுபடி இழுப்பதற்குப் படும் பாடு தெரிந்தும் நிறுத்தினேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி மரநிழலில் இருந்து அரை மணித்தியாலத்துக்கு மேலாக உடைத்து உடைத்துத் தின்றேன். பிறகு ஸ்டார்ட் செய்தால், கார் முதலாம் கியரில் பூவாக எழும்பி, இரண்டு, மூன்று என்று அழகாக மாறிப் போகிறது. சூட்டில் பிரிகிற சுற்று ஆறியதும் ஒட்டிக்கொண்டது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மூன்று கிழமையில் ஒரு தேங்காயோடு இந்தக் காரைத் திருத்திக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்ததும், தனியே இருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டேன். கொக்காவில் தாண்டியதும் மறுபடியும் மூன்றாம் கியர். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.