டிவிக்காக நடந்த போட்டிதான், அதனால் என்ன?

1990களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்காகவே நடந்த ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஆட்டம்) போட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதெல்லாம் ஒரு போட்டியா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. 1994 ஜனவரியில் அமெரிக்க ஸ்கேட்டிங் வீராங்கனை நான்சி கெரிகன் தாக்கப்பட்டார். அடுத்த மாதம் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் அவர் ஆடியதை அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்தது. அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பை ஃபாக்ஸ் தொலைக்காட்சியிடம் பறிகொடுத்திருந்த சிபிஎஸ் தொலைக்காட்சி, ஸ்கேட்டிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டே அதன் 'ஐஸ் வார்ஸ்' என்ற போட்டி வந்தது. இத்தகைய போட்டிகளில் நடுவர்கள் பந்தியில் பாயசம் ஊற்றுவதுபோல் பத்துக்குப் பத்து வழங்கினார்கள். யார் ஜெயித்தால் யாருக்கு என்ன?

அந்த அலட்சியம்தான் ஆட்டத்தைக் காப்பாற்றியது என்பேன். பின்பக்கக் குட்டிக்கரணம் ஒலிம்பிக்கில் தடை செய்யப்பட்டிருந்தது. 1998 நாகானோவில் துணிந்து அடித்த பிரான்ஸின் சூர்யா போனலிக்கு மதிப்பெண் குறைந்தது. டிவிக்காக நடந்த இந்தத் தொழில்முறை மேடையில் அமெரிக்காவின் ஸ்காட் ஹாமில்டனுக்கோ அதுதான் முத்திரை. கனடாவின் கேரி பீக்கம் இன்னும் ஒரு படி மேலே போய், கைகளிலும் ஸ்கேட் மாட்டிக்கொண்டு நான்கு கால் பிராணியாகப் பனியில் வழுக்கினார். எந்த விதிப் புத்தகம் இதற்கு மதிப்பெண் போடும்? நான்கு முறை உலகச் சாம்பியனாகியும் ஒலிம்பிக் பதக்கம் கிட்டாத கர்ட் பிரௌனிங், கோமாளியாகவும் குறும்பனாகவும் ஆடித் தன்னை முழுதாகக் காட்டியது இந்த மேடைகளில்தான்.

ஆனாலும் என் மனம் போய் நிற்பது ஜப்பானின் மிடோரி இட்டோவிடம்தான். 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் ஜப்பானே தங்கத்தை எதிர்பார்த்தது. முதல் பகுதியில் விழுந்தார். கடைசியில் கிடைத்தது வெள்ளி. அதற்கு நாட்டிடம் மன்னிப்பு வேறு கேட்டார்! மறு ஆண்டு, மேரிலாந்தின் லேண்டோவரில் முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன் டிக் பட்டன் நடத்திய உலகத் தொழில்முறைப் போட்டி. ரசிகர்கள் வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றிய மங்கலான பதிவுதான் இன்று கிடைக்கிறது. போதும். முன்னோக்கி எம்பி, காற்றில் மூன்றரைச் சுற்றுச் சுற்றிப் பின்னோக்கி இறங்கும் டிரிபிள் ஆக்சல். ஐந்தடிகூட இல்லாத அந்தப் பெண் எம்பும் உயரத்தைப் பாருங்கள். இறங்கியதும் முகம் மலர்கிறது. அங்கே அதைச் செய்தாக வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆசைப்பட்டுச் செய்தார், பட்டமும் வென்றார். பிறகு 1996இல் விதிப் புத்தகம் ஆளும் பழைய களத்துக்கே திரும்பி, உலகப் போட்டியில் ஏழாவதாக வந்தார். எது உண்மையான போட்டி, எது தமாஷ் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் தொலைக்காட்சிகளே இதைக் கெடுத்தன. வாரந்தோறும் ஒரு போட்டி, அதே முகங்கள், அதே பத்துகள் என்றால் யாருக்குத்தான் திகட்டாது? பழைய பதிவுகள் யூடியூபில் கிடக்கின்றன. லேண்டோவர் 1993இலிருந்து தொடங்குங்கள். மதிப்பெண் வரும் இடத்தை மட்டும் ஓட்டிவிடுங்கள்.